கேமரன் மலைக்குக் கூட்டமாக மோட்டாரில்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பிரேக் கட்டையைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மலைப்பாதையைப் பற்றியே கேட்கின்றன. பள்ளி விடுமுறை நெருங்குகிறது, அதனால் இருக்கலாம். இந்த முறை பேட்டரி, டயர் கேள்விகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு மலைக்கே இடம் கொடுத்துவிட்டேன். சுங்கை சிப்புட்டில் இருபத்தெட்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், மலையேறப் போகிற வண்டிகளையும் மலையிலிருந்து இறங்கி வந்த வண்டிகளையும் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணே, நாங்கள் கோவில் இளைஞர் குழு. மொத்தம் பன்னிரண்டு மோட்டார், பெரும்பாலும் கப்சாய் என்கிற சின்ன கியர் மோட்டார் சைக்கிள், இரண்டு 250 சிசி. ஒரே நாளில் கேமரன் மலை போய்த் திரும்ப வேண்டும். சிம்பாங் பூலாய் வழியாக ஏறி தாப்பா வழியாக இறங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சரியா?
ஓர் இளைஞர், சுங்கை சிப்புட்

பதில்: அதை அப்படியே திருப்பிப் போடுங்கள் தம்பி. தாப்பாவில் ஏறுங்கள், சிம்பாங் பூலாயில் இறங்குங்கள். நம்மூரிலிருந்து சிம்பாங் பூலாய் பக்கம் என்பதால் எல்லாரும் அந்த வழியாகத்தான் ஏறுகிறார்கள். ஆள் தெம்பாக இருக்கிற காலை நேரத்தை அகலமான, சுலபமான சாலையில் செலவழித்துவிட்டு, கையும் முதுகும் ஓய்ந்து, மழையும் பிடித்துக்கொண்ட பிறகு தாப்பா பாதையின் வளைவுகளில் இறங்குகிறார்கள். ஏறும்போது ஒரு வளைவில் வேகம் கொஞ்சம் கூடிப்போனாலும் முறுக்கியதை விட்டால் போதும், ஏற்றமே வண்டியை இழுத்துப் பிடித்துவிடும். இறங்கும்போது யாரும் பிடிக்க மாட்டார்கள். அதனால் கஷ்டமான பாதையை ஏற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தாப்பா பாதை என்பது 59-ஆம் எண் சாலை. தாப்பாவிலிருந்து மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஊர் வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வெள்ளைக்காரன் காலத்தில், 1930-களின் தொடக்கத்தில் போட்டு முடித்த சாலை அது. மலை எப்படி மடிந்திருக்கிறதோ அப்படியே அதுவும் மடிந்து போகும், ஒரு வளைவிலிருந்து வண்டியை நிமிர்த்துவதற்குள் அடுத்தது வந்துவிடும். மேலே மரங்கள் மூடியிருப்பதால் விடிந்து வெகுநேரம் ஆகியும் சில இடங்களில் ஈரம் காயாது, ஓரத்தில் பாசியும் இலையும் கிடக்கும். எதிரே வரும் லோரியும் பஸ்ஸும் சில வளைவுகளில் நடுக்கோட்டைத் தாண்டாமல் திரும்பவே முடியாது. அது அவர்கள் குற்றமில்லை, வண்டியின் நீளம் அப்படி. நாம்தான் இடம் விட்டு ஓட்ட வேண்டும். வலது பக்க வளைவில் பையன்கள் வண்டியைச் சாய்க்கும்போது டயர் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும், தலை கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். டயரைப் பார்த்து நான் சரியாகத்தான் வந்தேன் என்று சொல்லிப் பயனில்லை, தலையைப் பாருங்கள்.

சிம்பாங் பூலாய் சாலை, அதாவது 185, பிறகு வந்தது. அகலம் அதிகம், வளைவுகள் நீளமாக இழுத்துப் போகும், பார்வைக்கு நல்ல தூரம் கிடைக்கும். அங்கே ஆபத்து வேறு மாதிரி. சாலை நன்றாக இருப்பதால் வேகம் தானாக ஏறிவிடும், ஏறியதே தெரியாது. காய்கறி லோரிகளிலிருந்து தண்ணீர் ஒழுகியிருக்கும், கம்போங் ராஜா பக்கம் தோட்டத்து மண் சாலையில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். அடிவாரத்தில் கல்மலைகளை உடைக்கிற குவாரிகள் இருப்பதால் கனரக லோரிகளும் சேர்ந்துகொள்ளும்.

நேரத்தைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, ஈப்போ, கோப்பேங், கம்பார் என்று பழைய சாலையிலேயே போய் எட்டு மணிக்குள் தாப்பாவில் பசியாறிவிடுங்கள். எல்லா வண்டிக்கும் அங்கேயே எண்ணெய், அதாவது பெட்ரோல், நிரப்புங்கள். யாருடைய டாங்க் சிறியதோ அதுதான் முழுக் கூட்டத்தின் டாங்க், கப்சாய் பிடிப்பது நாலு லிட்டர் சொச்சம்தான். மேலே போய் தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ மறுபடியும் நிரப்பிக்கொள்ளுங்கள். பாதி ஏற்றத்தில் லாத்தா இஸ்கண்டார் அருவி சாலையை ஒட்டியே இருக்கிறது, அங்கே பத்து நிமிடம் நின்று கையை உதறிக்கொள்ளலாம். மதியம் ஒரு மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்கிவிட வேண்டும், ஏனென்றால் மலையில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டுகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் அந்தக் கணக்கும் நிற்காது, அப்போது போகவே வேண்டாம் என்பேன். பள்ளி விடுமுறை ஞாயிற்றுக்கிழமை பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம் காய்கறிச் சந்தை வரை கார்கள் நகராது. வேலை நாளில் லீவு போட்டுப் போக முடிந்தால் போங்கள்.

அப்புறம், பன்னிரண்டு வண்டியும் ஒரே வரிசையாகப் போகக் கூடாது. நாலு நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாலிலும் முதல் ஆள் வழி தெரிந்தவர், கடைசி ஆள் நன்றாக ஓட்டத் தெரிந்தவர், இரண்டாவது இடம் புதிதாக ஓட்டுகிறவருக்கோ மெதுவாக வருகிறவருக்கோ. நேர்சாலையில் ஒருவர் இடம், ஒருவர் வலம் என்று மாற்றி மாற்றிப் போகலாம், வளைவு தொடங்கியதும் ஒற்றை வரிசை. முச்சந்தி வந்தால் முதல் ஆள் அங்கேயே ஒருவரை நிறுத்திவிட்டுப் போக வேண்டும், கடைசி வண்டி கண்ணில் படும்வரை அவர் நகரக் கூடாது. கம்போங் ராஜா தாண்டி 185-இல் சேரும்போது இடது பக்கம் சிம்பாங் பூலாய், வலது பக்கம் லோஜிங் வழியாகக் குவா மூசாங். தெரியாமல் வலது பக்கம் திரும்பிய பையன் கிளந்தானுக்குள் போய்விடுவான், நடுவில் கைபேசிக்கு லைன் கிடைக்காத இடங்களும் உண்டு.

கேள்வி: தாப்பா பக்கம் இறங்கும்போது பாதியில் என் கப்சாய்க்கு பிரேக் பிடிக்கவே இல்லை. ஏதோ தீய்ந்த வாடை வந்தது. நின்று கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பழையபடி பிடிக்கிறது. பட்டறையில் காட்டினேன், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.
தோட்டத்து வாசகர், பீடோர்

பதில்: உங்கள் பிரேக்கில் கோளாறு இல்லை என்று அவர்கள் சொன்னது உண்மைதான், ஆனால் ஏன் அப்படி ஆனது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். டிரம் பிரேக் ஒரு மூடிய சட்டி மாதிரி. உள்ளே கட்டை உரசி உண்டாகும் சூடு வெளியேற வழி குறைவு. தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் சட்டி சூட்டில் விரிந்து கட்டையை விட்டு விலகும், கட்டையின் மேல்பகுதியும் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஆறினால் திரும்பி வரும், அதனால்தான் பட்டறைக்கு வந்து சேரும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மலையில் வெந்த கட்டையை நான் ஒன்று மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன். புதுக் கட்டையைத் தடவினால் சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருக்கும், இது கருப்பாக, பழைய தேத்தண்ணிக்கடை பெஞ்சு மாதிரி வழவழவென்று மினுங்குகிறது, நகத்தால் கீறினாலும் கோடு விழாது. அந்த மாதிரி ஆகிவிட்டால் தேய்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். டிரம்மின் உள்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் இறங்கும்போது இதைச் செய்யுங்கள். எந்த கியரில் அந்த ஏற்றத்தை ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் அது இரண்டு அல்லது மூன்றாக இருக்கும். என்ஜின் சத்தம் போடும், போடட்டும், உங்களைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சத்தம்தான். வேகம் கூடினால் முன், பின் இரண்டு பிரேக்கையும் சேர்த்து ஒரு தடவை அழுத்திக் குறைத்துவிட்டு விட்டுவிடுங்கள், காலை மேலேயே வைத்துக்கொண்டு வரக் கூடாது. எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவிட்டு இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், மிச்சமாவது நாற்பது காசு கூட இருக்காது.

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் குமிழி உண்டாகும், பிடியை அழுத்தினால் கை வரை வரும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள், அதிகச் செலவில்லை.

கேள்வி: என் கணவரின் கூட்டாளிகள் மோட்டாரில் மலைக்குப் போகிறார்கள். எனக்குப் பின்னால் உட்கார்ந்து போக விருப்பமில்லை, ஐந்து வருடமாக ஸ்கூட்டர் ஓட்டித்தான் வேலைக்குப் போகிறேன். என் ஸ்கூட்டரிலேயே வருகிறேன் என்றால் சிரிக்கிறார்கள்.
வாசகி, கோலாகங்சார்

பதில்: சிரிக்க இதில் ஒன்றுமில்லை தங்கச்சி. ஐந்து வருடம் மழையிலும் வெயிலிலும் வேலைக்கு ஓட்டியவருக்கு, வாரக்கடைசியில் மட்டும் வண்டியை வெளியே எடுக்கும் பலரைவிடக் கை நிதானம் அதிகம். தாராளமாகப் போங்கள். ஸ்கூட்டரைப் பற்றி ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். கப்சாயில் கியரைக் குறைத்து என்ஜினைப் பிடிக்க வைக்கலாம், ஸ்கூட்டரில் அது கையில் இல்லை. முறுக்கியதை விட்டதும் ஓரளவு பிடிக்கும், ஆனால் வேகம் ரொம்பக் குறைந்ததும் உள்ளே இருக்கும் கிளட்ச் விடுபட்டு வண்டி சும்மா உருள ஆரம்பிக்கும். அதனால் இறக்கத்தில் பிரேக்குக்கு வேலை கூடுதல். அழுத்தி, குறைத்து, விட்டு, ஆறவிட்டு இறங்குங்கள், பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை அகலமான இடமாகப் பார்த்து நின்றுவிடுங்கள். சக்கரம் சிறியது, குழியில் விழுந்தால் கப்சாயைவிடக் கூடுதலாக உலுக்கும், டயர் காற்றை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். வரிசையில் இரண்டாவது இடத்தைக் கேட்டு வாங்குங்கள். இது பொம்பளைக்குக் கொடுக்கிற சலுகை இல்லை, வண்டிக்குக் கொடுக்கிற இடம், ஸ்கூட்டரில் வரும் ஆம்பளைக்கும் அதே இடம்தான்.

கேள்வி: மழைக்கோட்டு எது நல்லது? குளிர் எவ்வளவு இருக்கும்?
வாசகர், கம்பார்

பதில்: சட்டை தனி, கால்சட்டை தனியாக வருவதை வாங்குங்கள். போர்வை மாதிரி தொங்குவது வேண்டவே வேண்டாம், காற்றில் பறந்து செயினில் மாட்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும், தானா ராத்தா கிட்டத்தட்ட 1,440 மீட்டர் உயரம். நனைந்த சட்டையோடு காற்றில் போனால் விரல் மரத்துப் பிரேக் பிடியே உணராது, அதுதான் பிரச்சினை. கையுறை ஒரு ஜோடி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டை முன்பக்கம் பின்னாகத் திருப்பி மாட்டிக்கொண்டு போகும் வழக்கம் ஊருக்குள் சரி, மலைக்கு ஒழுங்காக மாட்டி ஜிப்பைப் போடுங்கள்.

கேள்வி: ஐயா, என் மகனுக்குப் பத்தொன்பது வயது, லைசென் எடுத்து ஒரு வருடம்தான். கூட்டாளிகளோடு கேமரன் போகிறேன் என்கிறான். போன தடவை ஈப்போவுக்குப் போனபோதே இவனைப் பின்னால் விட்டுவிட்டு எல்லாரும் முன்னே போய்விட்டார்களாம். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. போகாதே என்று சொல்லிவிடவா?
ஒரு தாய், லிந்தாங்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் பயப்படுவது சரியான விஷயத்துக்குத்தான், மலைக்கு இல்லை, அந்தப் பின்னால் விட்டுப் போகிற பழக்கத்துக்கு.

பதினைந்து வருடத்துக்கு முன் நாங்கள் ஆறு பேர் சிம்பாங் பூலாய் பக்கம் இறங்கினோம். கடைசியில் வந்தது என் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன். கீழே வந்து கடையில் உட்கார்ந்து தே ஆர்டர் பண்ணிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஐந்து பேர்தான். வந்துவிடுவான் என்றார்கள், நானும் அதையேதான் சொன்னேன். தேத்தண்ணி ஆறிப்போனது. இருபது நிமிடம் கழித்துத் திரும்பி ஏறினோம். ஒரு வளைவில், மண் கிடந்த இடத்தில், வண்டி கால்வாய் ஓரமாகக் கிடந்தது. கணுக்கால் உடைந்து கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், காய்கறி லோரி ஓட்டி வந்த ஒரு சீனப் பெரியவர் அவன் பக்கத்திலேயே குந்தி, தன் தொப்பியால் அவன் முகத்துக்கு வெயில் மறைத்துக்கொண்டிருந்தார். பையன் என்னைப் பார்த்ததும், "அண்ணே, நீங்கள் வளைவில் மறைஞ்சிட்டீங்க, உங்களைப் பிடிக்கத்தான் முறுக்கினேன்" என்றான். அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அவனை விழவைத்தது மண் இல்லை, நாங்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் ஆள் வளைவை விட்டு வெளியே வந்ததும் முறுக்குவான், அந்த நேரத்தில் கடைசி ஆள் இன்னும் வளைவுக்குள்ளேயே மெதுவாக வந்துகொண்டிருப்பான். ஒவ்வொரு வளைவுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். கடைசியில் வருகிறவன் முதலில் போகிறவனைவிட வேகமாக ஓட்டினால்தான் கூட்டத்தோடு சேர முடியும். அனுபவம் குறைந்த பையனைக் கடைசியில் விட்டால், கூட்டத்திலேயே அதிக வேகத்தில் ஓட்ட வேண்டியவன் அவன்தான் என்று ஆகிவிடுகிறது. அன்றிலிருந்து நான் போகிற எந்தக் கூட்டத்திலும் புதியவர் இரண்டாவது இடத்தில்தான் வருவார். முதல் ஆள் கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பார்த்துத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்.

தடுக்காதீர்கள் அம்மா. தடுத்தால் சொல்லாமல் போவான், அது இதைவிட மோசம். கூட்டத்துக்குத் தலைமை எடுத்துப் போகிற பையனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேளுங்கள்: என் மகன் எத்தனையாவது வண்டி, கடைசி வண்டி யாருடையது, எந்தெந்த இடத்தில் நிற்பீர்கள். மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னால் அனுப்புங்கள். கடைசி வண்டி யாருடையது என்பதற்கு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், இந்தத் தடவை வேண்டாம் என்று அவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வேண்டுமானால் இந்தப் பக்கத்தையும் காட்டுங்கள்.

கேள்வி: கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் இரவில் போகலாமா? யானை வரும் என்கிறார்களே.
வாசகர், தாப்பா

பதில்: வரும். இரவில் வேண்டாம். 1982-இல் திறந்த சாலை அது, கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் காடு, யானைகள் அந்த வழியாகக் கடந்து போவது சாலைக்கும் முந்திய வழக்கம். விளக்கு இல்லாத இடத்தில் நனைந்த சாலையின் நிறமும் யானையின் நிறமும் ஒன்றுதான், பக்கத்தில் போனால்தான் தெரியும். காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, கிரிக்கில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். பகலில் யானையைப் பார்த்தாலும் தூரத்திலேயே நின்றுவிடுங்கள், ஹோன் அடிக்காதீர்கள், என்ஜினை முறுக்காதீர்கள், படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். அது போன பிறகும் கொஞ்சம் பொறுங்கள், பின்னால் குட்டியோ கூட்டமோ இருக்கலாம்.

கேள்வி: எனக்கு அறுபத்தாறு வயது. பழைய கார்பரேட்டர் கப்சாய் வைத்திருக்கிறேன். இரண்டு தடவை கேமரன் ஏறப் பார்த்தேன், ரிங்லெட் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்குகிறது, பிளக் கருத்துவிடுகிறது. என் அப்பா சின்ன வயதில் போ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடை போட்டவர். அந்த இடத்தை ஒரு தடவை பார்க்க ஆசை. இளைஞர்களோடு வந்தால் தொந்தரவாக இருக்குமா?
பெரியவர் ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, வண்டிக்கு ஒன்றுமில்லை, காற்றுதான் குறைகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். புது வண்டிகளில் உள்ள இன்ஜெக்‌ஷன் அதற்குத் தகுந்தபடி எண்ணெயைக் குறைத்துக்கொள்ளும், கார்பரேட்டருக்கு அது தெரியாது, கீழே கொடுத்த அளவையே மேலேயும் கொடுக்கும். காற்று குறைவு, எண்ணெய் அதிகம், அதனால்தான் கருப்புப் புகையும் கருத்த பிளக்கும். ஒரு நாள் பயணத்துக்காக, கார்பரேட்டருக்குள் எண்ணெய் அளவைத் தீர்மானிக்கும் ஜெட் எதையும் மாற்ற வேண்டாம். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, ஒரு பிளக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கியர் குறைத்தே ஏறுங்கள்.

போ தோட்டம் 1929-இல் தொடங்கியது. அதற்கு ஹாபு பக்கம் பிரிந்து போகும் சாலை குறுகலானது, எதிரே கார் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும், அதனால் கூட்டமாக உள்ளே போகாமல் நாலு வண்டியாகப் போவோம். போவோம் என்றுதான் எழுதுகிறேன், நானும் வருகிறேன். முதல் கேள்வி கேட்ட தம்பிகளிடமும் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள், பிரேக் கட்டையையும் செயினையும் பார்த்துவிடலாம். கிளம்புவது காலை ஆறு மணிக்கு, என் பின்னால் இரண்டாவது வண்டி உங்களுடையது.